பதினொரு லட்சம் மிச்சம்

வீட்டுக் கடன் கேட்டு இன்று ஊட்டியில் ஒரு வங்கிக்குப் போனேன். ரிட்டயர் ஆனதும் எஸ்டேட் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் சொந்தமாக ஒரு வீடு வேண்டும்.

பதினைந்து லட்சத்துக்கு, இருபது வருடம் என்றால் மாதம் பதிமூன்றாயிரம் என்றார் அதிகாரி. மொத்தம் எவ்வளவு கட்டுவேன் என்று கேட்டேன்.

"முப்பத்தோரு லட்சமுங்க. உங்களுக்கு வயசு எத்தனைங்க?"

"அம்பத்தொண்ணுங்க."

"அப்ப ரிட்டயர் ஆகறதுக்குள்ள, ஏழே வருஷத்துல முடிக்கோணுமுங்க. மாசம் இருபத்திமூணாயிரத்து எழுநூறு."

பிறகு எனக்குப் பரிசு விழுந்ததுபோல் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"மொத்தம் இருபது லட்சத்துக்குள்ளதான் வருது பாருங்க. பதினொரு லட்சம் மிச்சமுங்க."

என் சம்பளமே இருபத்திரண்டாயிரம்.

அந்தப் பதினொரு லட்சத்தை எந்த வங்கியில் போட்டு வைக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.