பச்சைக்காலியா, சதுப்பு உள்ளானா?

2024 பிப்ரவரி 10, இரண்டாம் சனிக்கிழமை. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு விடுமுறை. காலையில் பால் வாங்கி வந்தேன், வண்டிக்குக் காற்று அடித்தேன், தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்து வைத்தேன். இட்லியைக் கட்டிக்கொண்டு மனைவியும் நானும் திருப்பதிக்கு வெளியே இருக்கும் ஏரிக்குப் போனோம். விடுமுறையில் பறவை பார்ப்பது எங்கள் இருவரின் வழக்கம்.

தண்ணீர் வற்றிக் கணுக்கால் அளவே நின்ற ஒரு மூலையில், சாம்பல் முதுகும் வெள்ளை வயிறுமாக ஒரு வலசைப் பறவை தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. நீளமான பச்சைக் கால்கள். பச்சைக்காலி, சதுப்பு உள்ளான் இரண்டும் குளிர்காலத்தில் இப்படித்தான் இருக்கும். பச்சைக்காலி உருவில் பெரியது. நான் எந்தப் பறவையையும் முதலில் உருவம், பிறகு கால், கடைசியில் அலகு என்ற வரிசையில்தான் பார்ப்பேன்.

“பச்சைக்காலி,” என்றேன்.

“இன்னாங்க நீங்க? மூக்கப் பாருங்க, ஊசியாட்டம் கீது. சதுப்பு உள்ளான்.”

“எவ்ளோ பெருசு, பாக்கலியா நீ?”

“பக்கத்துல ஒண்ணுமே இல்லாம பெருசுன்னு எப்படி சொல்றீங்க? பந்தயம் கட்றீங்களா? தோத்தா என்கூட நாளைக்கே அலிபிரியிலருந்து நடந்து மலை ஏறணும்.”

வருடாவருடம் கூப்பிடுவாள். நான் முழங்கால் வலியைச் சொல்லி பஸ்ஸில் போய்விடுவேன். அவள் தனியாகவே, வேண்டுதலுக்காகப் படிக்குப் படி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து ஏறி வருவாள். அவளுக்கு வேண்டியது எது என்று தெரிந்தேதான் ஒப்புக்கொண்டேன். அவ்வளவு உறுதி எனக்கு.

ஆடு ஓட்டி வந்தவர் கரையில் நின்றார். “இன்னா சார், ரொம்ப நேரமா பாத்துக்கினே கீறீங்க. புடிச்சி துன்றதுக்கா?”

“இல்லண்ணா, இவரு தோக்கறதுக்கு,” என்றாள் மனைவி.

இட்லி முடியும் நேரத்தில் ஒரு பொறி உள்ளான் பறந்து வந்து அதன் பக்கத்திலேயே இறங்கியது. பொறி உள்ளான் மைனாவைவிடச் சிறியது. பச்சைக்காலியாக இருந்தால் அதன் அருகில் மலைபோல் நிற்க வேண்டும். என் பறவையோ கால் மட்டும் உயர்ந்து, உடம்பில் கொஞ்சமே பெரிதாக நின்றது. மறுபடி அலகைப் பார்த்தேன். மெல்லியது, நேரானது. பச்சைக்காலிக்குத் தடித்து, நுனி லேசாக மேல்நோக்கி இருக்கும். தனியாக நின்ற பறவைக்கு நானாக ஓர் அளவைக் கொடுத்திருந்தேன்.

“சதுப்பு உள்ளான்தான்,” என்றேன்.

“போற வழியில மெடிக்கல்ல நிறுத்துங்க. முட்டிக்குப் பட்டி வாங்கணும்.”

தோற்றவன் போல இல்லாமல் வண்டியை எடுத்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, அலிபிரியின் முதல் படியில் குனிந்து நான் மஞ்சள் பூசினேன். அவள் அதன்மேல் குங்குமம் வைத்தாள்.