பயந்துக்காதீங்க என்று சொன்னதற்கு

அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, இவள் இட்டுக்கட்டுகிறாள் என்று சொல்லக்கூடாது. வாசகசாலை மாடிக் கூடத்தில், திரைக்கு வலப்பக்கம், பிளாஸ்டிக் நாற்காலியில் மைக்கோடு நான். புரொஜெக்டருக்குப் பின்னால் அதை வாடகைக்குக் கொண்டுவந்தவர். முன்வரிசையில் திரைப்படக் கழகத்தின் செயலாளர். காலேஜில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர், எல்லோருக்கும் அவர் மாஷ். அவர் பக்கத்தில் பாலக்காட்டிலிருந்து வந்திருந்த விமர்சகர். மூன்றாவது வரிசையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண், ஏழு மாதக் கர்ப்பிணி, கூடவே அவள் மாமியார். கதவோரம், நெஞ்சில் ஆபரேஷன் செய்துகொண்ட என் பெரிய மாமா. மீதி முப்பது பேரும் எங்கள் வீதிக்காரர்கள், நான் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டு வந்தவர்கள். என் வீட்டுக்காரர் கீழே ஆட்டோவில் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

படம் கொரியாக்காரர்கள் எடுத்த ரத்தக்காட்டேரிப் படம். மலையாள எழுத்து கீழே ஓடும். பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து கோபாலபுரம் போகிற வழியில் இருக்கிற எங்கள் ஊரில் பாதிப்பேர் பேசுவது தமிழ், படித்தது தமிழ். அந்த மலையாள எழுத்து ஓடுகிற வேகத்துக்கு அவர்களால் வாசிக்க முடியாது. நான் எட்டாவதோடு நின்றவள்தான், ஆனால் இரண்டு எழுத்தும் எனக்கு வரும். வெங்காயம் தக்காளி விற்கிற ஆட்டோக்களில் ஓடும் குரல் என்னுடையது. எல்லை செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் மலையாளத்தில் பேசிக் கொடுப்பேன், அந்தப் பக்கத்துக்குத் தமிழில். அதைக் கேட்டுத்தான் மாஷ் வந்தார். படம் ஓட ஓட மைக்கில் தமிழில் சொல்லவேண்டும். இரண்டாயிரம் ரூபாய் பேச்சு, ஐந்நூறு முன்பணம். ஒரு சினிமாவை நான் சொல்வதற்குக் காசு என்று கேட்டபோது அந்த ஐந்நூறை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். வெங்காயத்துக்குக் கிடைப்பது வேறு, இது வேறு.

பென்டிரைவில் படத்தைக் கொடுத்தார்கள். திரும்பத் திரும்பப் பார்த்தேன். முதல் தடவை பார்த்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. வெள்ளை வெளேரென்று ஒரு அடுக்குமாடி வீடு. அங்கே வாடகைக்கு இருக்கிற ஒரு பியானோ ரிப்பேர்காரன்தான் காட்டேரி. மடிப்புக் கலையாத கோட்டு. தாழ்வாரத்து விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும், கடைசி விளக்குக்குக் கீழே அவன் நிற்பான். வீட்டுக்காரக் கிழவிக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் தினமும் அவனுக்குச் சோறு போட்டு வைப்பாள். அவன் தின்ன முடியாமல் அந்தக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பான். நான் அழுதேன். பிறகு கவலைப்பட ஆரம்பித்தேன்.

கவலை என்றால் என் கவலை. திடீர் திடீரென்று அவன் வந்து விழுகிற இடங்கள் படத்தில் ஏழெட்டு இருந்தன. மாமா நெஞ்சைத் தைத்து ஒரு வருஷம் ஆகவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணோ தமிழில் வருகிற கொரியா சீரியல்களே கதி என்று கிடப்பவள்; வரவேண்டாம் என்றால் கேட்கமாட்டாள். மசக்கைக்காரி ஆசைப்பட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது, பயப்படவும் விடக்கூடாது. எங்கள் பக்கத்தில் இரண்டும் சட்டம். அவள் மாமியார் வேப்பிலைக் கொத்து ஒன்றை அவள் இடுப்பில் செருகிக் கூட்டிவந்திருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, படத்துல கெட்டது ஏதாச்சும் வந்தா முன்னாடியே சொல்லிப்போடு. இவ கண்ண நான் மூடிக்கறேன்" என்றார் அந்த அம்மா.

"சொல்றனுங்க" என்றேன். கொடுத்த வாக்கு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னலுக்கெல்லாம் தார்ப்பாய் கட்டி, கூடம் வெந்துகொண்டிருந்தது. முதலில் விமர்சகர் பேசினார். வெளிநாடுகளில் இந்தப் படத்தைச் சிலர் தலையில் வைத்துக் கொண்டாடினார்களாம், சிலர் பார்க்க அழகு, உள்ளே காலி என்று எழுதினார்களாம். தன் கட்சி இரண்டாவது என்றார். பார்க்கப்போகிற மனிதர்களிடம், பார்ப்பதற்கு முன்பே!

படம் ஓடியது. நான் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டு வந்தேன். முதல் இடம் வந்தது. மைக்கில் சொன்னேன்: "இப்ப ஒண்ணு வருதுங்க. கதவுக்குப் பின்னாடி நிக்கறான். பயந்துக்காதீங்க."

அவன் வந்தான். யாரும் பயப்படவில்லை. மாமியார் மருமகளின் கண்ணை மூடினார், மருமகள் விரல் சந்தில் பார்த்தாள்.

மூன்றாவது தடவைக்குக் கூடமே எனக்காகக் காத்திருந்தது. "அக்கா, அடுத்தது எப்பங்க?" என்று பின்னாலிருந்து ஒருத்தன். "டேய், அந்தப் பக்கம் போகாதடா, அக்கா சொல்றாங்கல்ல" என்று இன்னொருத்தன் திரையில் இருந்தவனைப் பார்த்துக் கத்தினான். சிரிப்பு. பெரிய மாமா, "நெஞ்சு நல்லா இருக்குது, நீ சொல்லு கண்ணு" என்றார். அந்தக் கிழவி சோற்றுக் கிண்ணத்தை வைத்தபோது மட்டும் ஒருத்தரும் சிரிக்கவில்லை. கூடத்தில் மின்விசிறிச் சத்தம்தான்.

விளக்கு போட்டதும் விவாதம். விமர்சகர் எழுந்தார். நிறத்தைப் பேசினார், கேமராவைப் பேசினார், ஸ்டைல் மட்டுமே, சாரம் இல்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பயப்படுத்துறதுக்குன்னே எடுத்த படம். இவங்க மைக் வெச்சுப் பயத்த எடுத்துட்டாங்க. தாலி கட்டறத எடுத்துட்டா கல்யாணத்துல மிச்சம் சாப்பாடு மட்டும்."

சிலர் சிரித்தார்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் கையைத் தூக்கினாள். "சார், அந்தப் பாட்டி தினமும் சோறு போட்டாங்கல்ல..." என்று ஆரம்பித்தாள். "அது சென்டிமென்ட்" என்று சொல்லிவிட்டு அவர் டீயோடு வந்த வடையை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். எங்கள் வீதியில் ஒருத்தரிடமும் படம் எப்படி என்று அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த விமர்சகர் போனில் எழுதியதை மாஷே எனக்கு அனுப்பினார். கிராமத்துப் பார்வையாளர்களுக்கு இவ்வகைப் படங்களை ஏற்கும் பக்குவம் இல்லையாம். தவறான இடங்களில் சிரித்தார்களாம். எது தவறான இடம்? சிரிப்பதற்குக்கூட இவர்கள் அளந்து கொடுத்த இடத்தில்தான் சிரிக்கவேண்டுமா?

எனக்கு ஆறவே இல்லை, இன்றைக்கும் ஆறவில்லை. பயம் என்பது டிக்கெட் எடுத்து வாங்குகிற பண்டமாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சும்மாவே கிடைக்கிறது. வீட்டுக்காரரின் ஆட்டோ வரப் பத்து நிமிஷம் தாமதமானால் செக்போஸ்டு லாரிகள் எல்லாம் என் நெஞ்சு மேல் ஏறும். அப்படிப்பட்ட என்னிடம் வாயும் வயிறுமாக ஒருத்தியை ஒப்படைத்துவிட்டு, அவளைத் திடுக்கிட விடு, கலை அதில்தான் இருக்கிறது என்றால், அந்தக் கலை எனக்கு வேண்டாம். இன்னொரு தடவை கூப்பிட்டாலும் சொல்லத்தான் சொல்வேன்.

அப்புறம் அந்த "உள்ளே காலி". கோட்டு நன்றாக இருந்தால் உள்ளே காலி என்று யார் சொன்னது? எங்கள் வீதியில் ரேஷன் கடைக்குப் போகவும் புடவையை இஸ்திரி போட்டுத்தான் கட்டுவோம். பசி இருக்கிற வீட்டில்தான் மடிப்புக்குக் கவனம் அதிகம். அந்தக் காட்டேரியும் அப்படித்தான் எனக்குப் பட்டான். பசியை வெளியே காட்டக்கூடாது என்று அவ்வளவு நேர்த்தி. இதை எழுதும் இடம் எனக்கு அப்போது கிடைக்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

மாதம் ஒன்று ஆகியும் பணம் வரவில்லை. வாசகசாலைக்குப் போனேன். மாஷ் பேப்பரை மடித்து வைத்தார்.

"கமிட்டி தீர்மானம். நாங்க ஏற்பாடு பண்ணது மொழிமாற்றம். நீங்க செஞ்சது அது இல்ல."

"ஒரு வார்த்த விட்டனுங்களா மாஷே? வந்த எழுத்து பூராவும் சொன்னனுங்க. அதுக்கு மேல பயந்துக்காதீங்கன்னு சொன்னேன். அதுக்குக் கூடுதலாவா கேட்டேன்?"

"அதில்ல விஷயம். அடுத்த மாசம் இன்னொரு படம் இருக்கு. அதுல ஒண்ணும் சேர்க்காம ஒழுங்கா வாசிங்க, ரெண்டுக்கும் சேர்த்துப் பார்க்கலாம்."

"பார்க்கலாம்னா?"

"இது ஒரு சேவைதானே அம்மா. கலைக்குச் செய்யறது."

"புரொஜெக்டர்காரரும் சேவைக்குத்தான் வந்தாருங்களா?"

அவர் மறுபடி பேப்பரை விரித்தார். புரொஜெக்டர்காரருக்கு அன்றைக்கே கொடுத்தாகிவிட்டது, எனக்குத் தெரியும். விமர்சகருக்குக் கார் வாடகையும் கொடுத்தார்கள். பாதியில் நின்றுபோன படிப்புக்கு என்ன கொடுத்தாலும் போதும் என்று நினைத்திருப்பார்கள்.

"சேவைக்கு வேற ஆளப் பாருங்க. நான் வேல செஞ்சனுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

அடுத்த படத்துக்கு நான் போகவில்லை, எங்கள் வீதியிலிருந்து ஒருத்தரும் போகவில்லை. பணம் கேட்டு மாதாமாதம் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறேன், வெங்காயத்துக்குப் பேசுகிற அதே குரலில், தெளிவாக. கேட்டுவிட்டதற்கான நீலக் குறி விழுகிறது. பதில் இல்லை. வரவேண்டியது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.