ஏழுமலையின் பங்குச் சோறு

போன வாரம் ஒரு பெண் கைபேசியில் அழைத்தாள். பேட்டி எடுத்து இணையத்தில் போடுகிறவளாம். நல்ல பவ்யமான குரல். "மேடம், படமும் வரையறீங்க, வீட்டுச் சாப்பாடுதான் சாப்பிடுவேன்னு சொல்றீங்க, ஊர் ஊரா போயிட்டும் வர்றீங்க. எல்லாத்தையும் எப்படி பேலன்ஸ் பண்றீங்க?" என்று கேட்டாள்.

எனக்குக் கூச்சமே இல்லை. முந்தின நாளே காய் நறுக்கி வைத்துவிட வேண்டும், ரயிலில் உட்காரக் கிடைக்கும் நேரத்தை வீணாக்கக் கூடாது, அந்தக் காலத்தில் நான் திருநின்றவூரிலிருந்து சென்ட்ரல் போவதற்குள் ஒரு முழுப் படத்தை முடித்துவிடுவேன் என்றெல்லாம் அளந்தேன். "செம மேடம்" என்றாள். வைத்துவிட்டேன்.

பிறகு அடுப்படிக்குப் போனால், சமைக்க வருகிற பெண் மொச்சைக்கொட்டைக் குழம்பைக் கொதிக்க விட்டிருந்தாள். அம்பத்தூரில் இந்த வீட்டுக்கு வந்து பத்து வருடமாகிறது. என் அடுப்பை நான் பற்ற வைப்பது தேநீருக்கு மட்டும்தான். அந்த வாசனை மூஞ்சியில் அடித்ததும் பேட்டியில் சொன்னதெல்லாம் பொய் என்று எனக்கே நன்றாகத் தெரிந்தது. பேட்டி எடுத்தவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. திருநின்றவூரில் ஏரிக்குப் பின்பக்கம் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். ராயபுரத்தில் ஓர் அச்சகத்தில் வேலை. கல்யாணப் பத்திரிகை, ஊறுகாய் லேபிள், காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றையும் வடிவமைப்பேன். ஒரு வார இதழில் கடைசிப் பக்கத்துக்கு நாலு கட்டத்தில் ஒரு சித்திரத் துணுக்குக் கேட்டிருந்தார்கள். அதுதான் என் உயிர். அதை ரயிலில்தான் வரைய முடியும். சமையலோ, கேட்காதீர்கள். என் எலுமிச்சைச் சாதத்தை டப்பாவிலிருந்து எடுக்கக் கரண்டியின் காம்பால் குத்த வேண்டும். உப்புமா டப்பாவின் வடிவத்திலேயே வெளியே வந்து விழும்.

பெண்கள் பெட்டிக்கென்று ஒரு வாசனை இருந்தது. மல்லிகை, பவுடர், யாரோ திறந்த டப்பாவின் வெங்காயச் சாம்பார், நனைந்த குடைகள். ஏழேகால் வண்டியில் ஜன்னலோரம் எனக்கு. எதிரில் நர்ஸ் ஜெயந்தி, பட்டாபிராமில் ஏறுவாள். ஆவடியில் மோகனாக்கா ஏறுவாள்.

மோகனாக்காவுக்கு நாற்பத்தைந்து இருக்கும். பருத்திப்பட்டில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். புருஷன் ஏழுமலைக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை, குடியிருப்பில் வீடு. பிள்ளைகள் இல்லை. அவள் சௌகார்பேட்டையில் மொத்த விலைச் சேலைக் கடையில், வாடிக்கையாளர்கள் கலைத்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்குவாள். "ஒரு நாளைக்கு முன்னூறு பொடவை தொடறேன், என் பொடவை மட்டும் இதே" என்று சிரிப்பாள்.

ஒரு நாள் என் உப்புமாவைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா கண்ணு இது? சொவுத்துக்குப் பூசறதா?"

"நேரமில்லக்கா. படம் வரையணும்."

"அப்ப நீ வரை. சோறு நான் எட்தாறேன்."

மறுநாளே அலுமினிய டப்பா ஒன்று கூடுதலாக வந்தது. காலை இட்லி, மதியத்துக்குச் சோறு. வாழைக்காய் வறுவல், முருங்கைக்கீரைப் பொரியல், வெள்ளிக்கிழமை வடைகறி, திங்கட்கிழமை முந்தின நாளின் மீன்குழம்பு. வில்லிவாக்கம் வருவதற்குள் நான் இட்லியைத் தின்று முடித்து, கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்துவிடுவேன். என் கோடுகள் அந்தச் சாப்பாட்டில்தான் தேறின. முன்பெல்லாம் கோட்டில் ஒரு நடுக்கம் இருக்கும். அது பசி என்பது தெரியாமல் அதை என் பாணி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாராவாரம் புதிதாக என்ன வரைவது? எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். வரைந்தேன். கை நிறைய டப்பாக்களோடு ரயிலேறும் பருமனான ஒருத்தி. பெயர் டப்பாக்கா. கண்ணில் படுகிறவர்கள் வாயில் எல்லாம் எதையாவது திணிப்பாள். டிக்கெட் பரிசோதகர் அபராதம் கேட்டால் வாயில் போண்டா. சிக்னல் விழாவிட்டால் கம்பத்துக்கு ஒரு வடை. இதழில் வந்ததும் ஜெயந்தி சத்தமாகப் படித்துக் காட்டினாள். பெட்டியே சிரித்தது. மோகனாக்கா எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தாள். "யம்மா, நான் இம்மாங் குண்டாவா கீறேன்?" என்று கேட்டுவிட்டு, பத்திரிகையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். "அவுராண்ட காட்றேன்."

ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டு, "இந்தப் பொம்பளைய விட்றாதீங்க" என்றார்.

நான் விடவில்லை. ஐந்தாறு வாரத்தில் அவளுக்கு ஒரு புருஷனையும் கொண்டுவந்தேன். ஒல்லியானவன். அவள் சமையலுக்குப் பயந்து மொட்டை மாடியில் ஒளிவான், தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்குவான், அவள் நாலு அடுக்குக் கேரியரோடு துரத்துவாள். வாசகர் கடிதங்கள் வந்தன. ரயிலில் மற்ற பெட்டிக்காரிகள்கூட அவளை டப்பாக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆவடி நடைமேடையில் பூக்காரி கூப்பிட்டாள். நான் அதைப் புகழ் என்று நினைத்தேன், அவளுக்கும் சேர்த்து.

ஒரு வியாழக்கிழமை அவள் வரவில்லை. எனக்கு முதலில் வந்த கவலை மதியச் சாப்பாட்டைப் பற்றியது. இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

"இன்னிக்குப் பார்த்து லீவு போட்டுட்டாங்களே" என்றேன்.

ஜெயந்தி என்னையே பார்த்தாள். "உனக்கு நெஜமாவே தெரியாதா? அவங்க வூட்டுக்காரருக்குத் தொண்டையில கட்டி. நாலு மாசமா வாயால ஒண்ணும் எறங்கல. வயித்துல டியூப் வச்சு கஞ்சித்தண்ணி ஊத்துறாங்க. இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போயிருக்கு."

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே."

"நீ எங்க கேட்ட? அவருக்குன்னு காலையில வடிக்கிற சோறுதான் உனக்கு வருது. வடிக்காம இருக்க மனசு வரலன்னு எங்கிட்ட அழுதுச்சு. உன் பேரச் சொல்லித்தான் அடுப்புல ஒல வைக்குது."

வண்டி கொரட்டூரில் நின்று கிளம்பியது. என் பையில் அந்த வாரத்துத் துணுக்கு முடிந்து தயாராக இருந்தது. அன்று சாயங்காலம் கொடுக்க வேண்டும். அதில் புருஷன் தன் இரண்டு உதட்டையும் சேர்த்துப் பெரிய திண்டுக்கல் பூட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, சாவியைக் கிணற்றில் வீசுகிறான். நாலாவது கட்டத்தில் டப்பாக்கா பூட்டின் துவாரம் வழியாக இடியாப்பத்தை ஒவ்வொரு இழையாக நுழைக்கிறாள்.

வேறு வரைய நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நாள் முழுக்க இருந்தது. அச்சகத்தில் அன்று வேலையும் குறைவு. வேறொன்றை வரையத் தொடங்கி இரண்டு கட்டம் முடித்தும் பார்த்தேன். உயிரே இல்லை. பூட்டு நன்றாக வந்திருந்தது. நான் அதுவரை வரைந்ததிலேயே அதுதான் சிறந்தது. சாயங்காலம் போய்க் கொடுத்தேன். ஆசிரியர் என் எதிரிலேயே சிரித்தார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வாரம் இதழ் வந்த அன்று மோகனாக்கா வழக்கம்போல ஏறினாள். டப்பாவை என் மடியில் வைத்தாள். ஜெயந்தி பத்திரிகையைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"இன்னா, இன்னிக்குப் படிக்கலியா?" என்று அவளே வாங்கிக்கொண்டாள்.

அண்ணனூரிலிருந்து அம்பத்தூர் வரை அந்த ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பூட்டு சோக்கா வரஞ்சிகீற. எங்க ஊட்டுப் பூட்டு மாரியே கீது" என்றாள். பத்திரிகையை நாலாக மடித்து, சேலை மடிப்பதைப் போல ஓரத்தை விரலால் நீவி ஜெயந்தியிடம் கொடுத்தாள். என்னைப் பார்த்து, "துன்னு கண்ணு. ஆறிடப் போவுது" என்றாள்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வாயில் இட்லி இருந்தது. விழுங்கிவிட்டுக் கேட்கலாம் என்று நினைத்தேன். விழுங்கியதும் அடுத்த துண்டைப் பிட்டுக்கொண்டேன். சென்ட்ரல் வந்துவிட்டது. அன்றைய மதியம் மொச்சைக்கொட்டைக் குழம்பு. வழித்துத் தின்றேன். நன்றாக இருந்தது.

ஒரு மாதம் போலக் கழித்து ஏழுமலை இறந்துபோனார். நானும் ஜெயந்தியும் ஆவடியில் இறங்கிப் போனோம். குடியிருப்பு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அப்போதுதான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். நான் வரைந்தவனைவிட ஒல்லியாக இருந்தார். யாரோ ஒரு சித்தி என்னைச் சுட்டிக் காட்டி, "இந்தப் பொண்ணுதான் படம் போடற பொண்ணு" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னாள். நாலைந்து பேர் என்னை எட்டிப் பார்த்தார்கள்.

மோகனாக்கா அழுது ஓய்ந்திருந்தாள். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"நீ போட்டதெல்லாம் அவுருக்குக் காட்டுவேன். சிரிப்பாரு. சிரிச்சா நோவு உசுரு போவும், அப்பவும் சிரிப்பாரு. அந்தப் பூட்டு மட்டும் காட்டல."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த வாரம் புக்கு இன்னாச்சுன்னு சிலேட்டுல எழுதிக் கேட்டாரு. அந்தப் பொண்ணுக்கு ஒடம்பு சரியில்ல, வரையலன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் நெதம் காலைல எழுதுவாரு. அந்தப் பொண்ணு எப்டி கீது, ரெண்டு இட்லி சேத்து எட்துகினு போன்னு."

எனக்குத் தொண்டை அடைத்தது என்று எழுதத்தான் ஆசை. தொண்டை நோயில் இறந்தவர் வீட்டைப் பற்றி அப்படி எழுதினால் அதற்கு மன்னிப்பே கிடையாது. அழுகை வரவில்லை. பயமாக இருந்தது. அவள் கையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட வேண்டும் என்றிருந்தது. போகவும் செய்தேன். ஜெயந்தி இருந்து, எடுக்கிற வரை நின்றுவிட்டு வந்தாள்.

காரியம் முடிந்த கொஞ்ச நாளில் மோகனாக்கா குடியிருப்பைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று ஜெயந்தி சொன்னாள். சேலைக்கடை வேலையையும் விட்டுவிட்டாளாம். ஒரே ஒரு தடவை, ஆடி மாதத்தில், ஆவடி நடைமேடையில் பார்த்தேன். வண்டி நிற்பதற்குள் என் ஜன்னலைப் பார்த்துவிட்டாள். கைப்பையை இறுக்கிக்கொண்டு பின்னால் இருந்த பொதுப் பெட்டியை நோக்கி நடந்தாள். அந்த ஆண் கூட்டத்தில் இடித்துப் புகுந்து ஏறினாள்.

டப்பாக்கா அவள் இல்லாமலும் பதினோரு வாரம் ஓடியது. கடைசியில் ஆசிரியர், "வர வர சப்புன்னு இருக்கு" என்று நிறுத்திவிட்டார். அதற்குள் அதை வைத்தே எனக்கு வேறு இடங்களில் பெயர் வந்திருந்தது. புத்தக அட்டைகள், பாடநூல் படங்கள், வெளியூர்ப் பயிலரங்குகள் எல்லாம் அதிலிருந்து பிறந்தவைதான்.

ஆவடியில் அந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள். அந்த வார இதழும் இல்லை. ஜெயந்தி வெளிநாட்டில் மகளோடு இருக்கிறாள். புத்தாண்டுக்கு வாழ்த்துப் படம் அனுப்புவாள், மோகனாக்காவைப் பற்றிக் கேட்டால் பதில் வராது. போன மாதம் ஒரு வேலையாக அதே பெண்கள் பெட்டியில் ஏறினேன். எல்லார் காதிலும் ஏதோ செருகியிருந்தது. ஆளுக்கொரு ஜிப் வைத்த பை. யார் மதியத்துக்கு என்ன கொண்டுபோகிறார்கள் என்று வாசனை வைத்துச் சொல்ல முடியவில்லை.

பேட்டிக்குப் பிறகு பரண்மேலிருந்த பெட்டியை இறக்கி அந்தத் துணுக்குகளை எடுத்துப் பார்த்தேன். முப்பத்து நாலு இருக்கின்றன. எல்லாவற்றிலும் உருண்டை முகம், வேண்டுமென்றே பெரிதாக்கிய மூக்கு, இரண்டு புள்ளி வைத்த கண்கள். வெள்ளைத் தாள் எடுத்து, நிஜத்தில் அவள் எப்படி இருந்தாள் என்று வரைய உட்கார்ந்தேன். முகத்தின் வெளிக்கோடு வந்தது. உள்ளே எது வைத்தாலும் டப்பாக்காவாகத்தான் ஆகிறது. அவள் மூக்கு எப்படி இருந்தது என்று எனக்கு இப்போது தெரியாது.