உடைக்கத்தானே போறீங்க

பம்மல் பக்கத்தில் இருந்த எங்கள் ஆய்வுக்கூடத்தின் நடுவே ஒரு பெரிய இரும்பு உருளை இருக்கும். கோக் கட்டிகளை உள்ளே போட்டுச் சுற்றவிட்டால், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. நிலக்கரியைக் காற்றுப்படாமல் சுட்டெடுப்பதுதான் கோக். இரும்பாலையின் ஊதுலைக்குள் தாதுவின் பாரத்தை அது தாங்க வேண்டும். நொறுங்கிப் பொடியானால் காற்றுப் போக வழியில்லாமல் உலை திணறும். அதனால்தான் உருளையில் போட்டுப் புரட்டி, பிறகு சலித்து, உடையாமல் சல்லடையில் தங்கியதை எடை போடுவோம்.

ஆய்வுக்கூடத்தை நடத்திய எங்கள் மேடம் பல வருஷமாக ஒரே பிடிவாதத்தில் இருந்தார். சாம்பல் மிகுந்த நம் ஊர் நிலக்கரியை, வெளிநாட்டுக் கரியோடு வழக்கத்தைவிடத் தாராளமாகக் கலந்தாலும் உறுதியான கோக் வரும் என்பது அவர் கட்சி. நானும் அதே கட்சிதான், சம்பளத்துக்கு அல்ல, வீம்புக்கு. ஓர் இரும்பாலை கடைசி வாய்ப்புக் கொடுத்தது. வியாழக்கிழமை அதிகாரிகள் நேரில் வந்து சோதனையைப் பார்ப்பார்கள். தேறாவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

அந்த வாரம் பார்த்து எல்லாச் சோதனையும் ஊற்றிக்கொண்டது. அரைப்பதை மாற்றினேன், ஈரத்தை மாற்றினேன், எதிரே வந்தவர்கள்மேல் எரிந்து விழுந்தேன். புதன்கிழமை மதியம் துடைப்பம் தேடி, கரி சுடும் அடுப்புக்குப் பின்னால் போனபோது, சாக்குப் போட்டு மூடிய ஒரு கூடை கண்ணில் பட்டது. உள்ளே வெள்ளி மினுமினுப்போடு கோக் கட்டிகள். ஒன்றை எடுத்துத் தட்டினால் கணீரென்றது.

உருளைக்குக் கட்டிகளை அள்ளித் தருகிறவர், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் பணியாளர். பொழிச்சலூரிலிருந்து வருவார், ஒருநாள்கூட லீவு போட்டதில்லை. கூப்பிட்டுக் கேட்டேன்.

"இன்னிக்கு சுட்டதுல நல்லதா பாத்து எடுத்து வச்சிகீறேன், இந்த வாரம் பூரா அப்டித்தான். நாளைக்கு ஆளுங்க வராங்கல்ல, காட்ட வேணாமா?"

"அப்போ உருளைக்கு?"

"அதுல போட்டு உடைக்கத்தானே போறீங்க? அதுக்கு எதுக்கு நல்லது?"

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. விருந்தாளிக்கு நல்ல தட்டை எடுத்து வைத்துவிட்டு, நெளிந்த தட்டில் தான் சாப்பிடும் வீட்டுப் புத்தி அது. இத்தனை நாளாக எங்கள் கோக்கில் சொத்தையை மட்டும் சோதித்துவிட்டு, கலவையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேடத்திடம் ஓடினேன். நாளைக்கு இந்தக் கூடையை மட்டும் உருளையில் போட்டுவிடலாம் என்றும் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தவர், சட்டென்று நிறுத்தினார்.

"அவங்க பண்ணின அதே தப்பைத்தான் நீங்களும் சொல்றீங்க. யாரும் பொறுக்கக் கூடாது. கூடையைக் குவியல்ல கொட்டி, நல்லா கலந்து, வர்றதை எடுங்க."

நேர்மையாகச் செய்து தோற்றுவிட்டால்?

வியாழக்கிழமை அதிகாரிகள் முன்னால் அக்கா குவியலைப் புரட்டிப் புரட்டிக் கலந்தார். நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை உருளைக்கு எடுத்தோம். "இந்த மொக்கைக் கட்டியும் போடணுமா மேடம்?" என்று கெஞ்சினார். "போடுங்கம்மா" என்றார் மேடம். உருளை சுற்றி நின்றது. சலித்து எடை பார்த்த அதிகாரி இன்னொரு தடவை செய்யச் சொன்னார். செய்தோம். இரண்டு தடவையும் தேறிவிட்டது! அதிகாரி கைகுலுக்க வந்தபோது, மேடம் அக்காவின் கரி படிந்த கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்றைக்கு அந்த ஆலையில் ஓடுவது எங்கள் கலவைதான். அக்காவும் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் அங்கே முதன்முதலாக எங்கள் கோக்கை அடுப்பிலிருந்து வெளியே தள்ளிய சாயங்காலம் எனக்கு மறக்காது. மேடம் ஆலையிலிருந்து வீடியோ காலில் கூப்பிட்டார். நானும் அக்காவும் குரோம்பேட்டை பஸ் ஸ்டாப்பில், ஜிஎஸ்டி ரோட்டு இரைச்சலில் நின்றுகொண்டிருந்தோம். திரையில் அடுப்புக் கதவு திறந்தது. செக்கச்செவேலென்று ஒரு சுவரே நகர்ந்து வந்து சரிந்தது.

அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "எங்க கரி! பாருங்க, எங்க கரி இது!" என்று நின்றவர்களுக்கெல்லாம் காட்டினார். எங்கள் பஸ் வந்தது. நாங்கள் ஏறவில்லை, அக்கா ஜன்னல் ஜன்னலாகப் போய்க் காட்டிக்கொண்டிருந்தார்.