மதினி மணத்த திங்கட்கிழமை

ஹாலிஃபாக்சில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து வாசலில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. சென்ட் பாட்டில் ஒன்று, குறுக்கே சிவப்புக் கோடு. கனடாவுக்கு வந்த புதிதில் மேலாளர் மார்கரெட் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மனம் நோகாதபடி சுற்றிவளைத்து, இங்கே யாரும் வாசனை பூசி வரக்கூடாது என்றார். எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றேன். "அங்கே யாருக்கு அலர்ஜி?" என்று கேட்டார். "ஏலக்காய்க்கு" என்றேன். எனக்கு ஏலக்காய் ஆகாது என்று எடுத்துக்கொண்டார் போல. இன்றுவரை யார் கேக் கொண்டுவந்தாலும், அதில் ஏலக்காய் கிடக்கிறதா என்று விசாரித்த பிறகுதான் எனக்கு ஒரு துண்டு நீட்டுவார்.

போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஏலக்காய் பக்கத்தில் இருக்கிற மணத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். வியாபாரி நாலு காயை உள்ளங்கையில் நசுக்கி, மோந்து பார்த்துத்தான் வாங்குவார். அதனால் என் அண்ணன் மனைவி ராசாத்தி மதினி காய் தரம் பிரிக்கும் கூடத்தில், பெண்கள் தலைப்பூவைக்கூட வாசல் கம்பியில் தொங்கவிட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். மேஸ்திரி பாண்டியம்மா ஒவ்வொரு கையையும் மோந்து பார்த்து அனுப்புவார். மதினியோ சென்ட் பைத்தியம். ஆறு நாள் அடக்கிவைத்ததை ஞாயிற்றுக்கிழமை தீர்த்துக்கொள்வார். தெருவில் முதலில் ரோஸ் சென்ட் வரும், அடுத்து மதினி, கடைசியாக அவர் சிரிப்பு.

போன ஐப்பசியில் ஊருக்குக் கிளம்பும்போது அவருக்கு ஒரு பாட்டில் வாங்கப் போனேன். கடைப்பெண், பூசப்போகிறவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டாள். "பஸ்ஸில் சிரித்தால் டிரைவரே திரும்பிப் பார்ப்பார்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். "ஐயோ, ஆபத்தாயிற்றே" என்று வருத்தப்பட்டு, ஒரு பச்சைப் பெட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

மதுரையிலிருந்து பஸ் பிடித்து நான் வீடு சேர்ந்தது திங்கட்கிழமை காலை. மதினி வேலைக்குக் கிளம்பி நின்றார். வந்த சந்தோஷத்தில் பெட்டியைப் பிரித்து அவருடைய இரண்டு மணிக்கட்டிலும் அடித்துவிட்டேன். மதினி கையை அப்படியே நீட்டியபடி நின்றார்.

"கொழுந்தனாரே, இன்னைக்கு என்ன கெழமை?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் ஏலக்காய் ஏலம். பதினெட்டு வருசத்தில் ஒருநாள்கூட மதினி வேலைக்கு மட்டம் போட்டதில்லை. மார்கரெட்டின் வாசலில் ஒருநாளும் மறக்காத விதியை, சொந்த ஊர் வாசலில் மறந்திருந்தேன். சீயக்காய், எலுமிச்சை, அடுப்புச் சாம்பல் என்று எல்லாம் போட்டு மதினி மணிக்கட்டைத் தேய்த்தார். அண்ணனின் ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன்; வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வழியெல்லாம் மணிக்கட்டைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தார். மதினி சிரிக்காமல் வண்டியில் உட்கார்ந்து வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

கூடத்து வாசலில் பாண்டியம்மா கையை மோந்தார். மறுபடியும் மோந்தார்.

"என்னடி ராசாத்தி, உள்ளயே போகல, அதுக்குள்ள காய் மணக்குது?"

பைக்குள் இருந்த பெட்டியை எடுத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். சேர்மானத்தில் ஏலக்காய். பூ வாசம் கழுவிப் போய், அது மட்டும் தங்கியிருக்கிறது. எனக்கு உயிர் வந்தது. "காய் மணம்தானக்கா, உள்ள விடுங்க" என்றேன்.

"தம்பி, இந்தக் கை பட்டா போன வருசத்துக் காயும் புதுக்காயா மணக்கும். நாளைக்கு நசுக்கிப் பாக்குற வியாபாரி நம்மள என்ன நெனைப்பான்? நீங்க போடிக்காரர்தான?"

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி முந்திக்கொண்டார்.

"அக்கா சொல்றது நாயம். ஆனா வேலைய விட்டு எடுத்துராதீங்கக்கா."

"ஒன்ன எடுத்துட்டு நான் யாருகூடச் சண்டை போட? போ, நல்லா குளிச்சிட்டு நாளைக்கு வெரசா வா."

தெருமுனை திரும்பியதும் பின்னாலிருந்து அந்தச் சிரிப்பு வெடித்தது. "கெடுத்தது கெடுத்தாச்சு கொழுந்தனாரே, போடிமெட்டு மலைக்கு பஸ் ஏத்துங்க. ஒரு திங்கக்கெழமையாவது மணந்துட்டு வர்றேன்."

வண்டியை ஸ்டாண்டில் விட்டுவிட்டு இருவரும் ஏறினோம். பஸ்ஸில் மதினி எல்லோரிடமும் கையை நீட்டினார். ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போகிற ஒரு பெண் மோந்துவிட்டு, "காசு குடுத்தா வாங்குனீங்க? நாங்க சும்மாவே இப்படித்தான் மணப்போம்" என்றாள். பஸ்ஸே சிரித்தது. கொண்டைஊசி வளைவில் டிரைவர், நல்லவேளை, திரும்பாமலே கேட்டார்: "ராசாத்தியக்கா, திங்கக்கெழம என்ன விசேசம்?"

"கொழுந்தனாரு வந்திருக்காருப்பா. வேற என்ன வேணும்?"

'போடிக்காரர்தான' என்று பாண்டியம்மா கேட்ட கேள்விக்கான பதில் அதற்குள் இருப்பதாக எடுத்துக்கொண்டேன்.

கனடாவுக்குத் திரும்பும்போது, பாதி தீர்ந்த தன் ரோஸ் சென்ட்டை மதினி என் பெட்டிக்குள் சொருகிவிட்டார். இங்கே அது ஆறு நாள் அலமாரியில் தூங்குகிறது. போடியில் ஞாயிறு சாய்ந்து, மதினி மேல் நான் வாங்கிக் கொடுத்த ஏலக்காய் சென்ட் மங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், ஹாலிஃபாக்சில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை விடிகிறது. மூடியைத் திறந்து சட்டையில் இரண்டு சொட்டு வைக்கிறேன். பனி கிடக்கும் படிகளில் ரோஸ் சென்ட் எனக்கு முன்னால் இறங்கிப் போகிறது. பின்னால் வர வேண்டிய சிரிப்பை நானே சிரித்துக்கொண்டு இறங்குகிறேன்.