ஆடு தின்ற அறிவிப்பு

எழுபதுகளில் எங்கள் நகராட்சி அலுவலக வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. கண்ணாடியும் இல்லை, மேலே தகரமும் இல்லை. இதைப் பற்றி மூன்று முறை குறிப்பு எழுதி வைத்தேன், பதில் வரவில்லை. ஊருக்குச் சொல்ல வேண்டியது எதுவானாலும் அந்தப் பலகையில் ஒட்டிவிட்டால் சொல்லியாகிவிட்டது என்று கணக்கு. ஒட்டுவது என் பொறுப்பு. பலகை தெருப்பக்கம் இருந்தது. சைக்கிள் நிறுத்த வசதி என்று நாங்கள் எல்லோரும் பின்வாசல் வழியாகத்தான் வந்து போவோம்.

ஒரு முறை நெசவாளர் தெருவின் நடுவே ஏழு விளக்குக் கம்பங்கள் நடத் திட்டமாயிற்று. ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவிப்பு. அலுவலகத்தில் பசை தீர்ந்திருந்தது. புதிதாக வாங்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும். அதனால் நெசவாளர் தெருவிலிருந்தே ஒரு கிண்ணம் கஞ்சி வாங்கி வரச் சொல்லி ஒட்டினேன்.

கெடு முடிந்து, குழி தோண்ட ஆள் போன பிறகு அந்தத் தெருப் பெரியவர் ஒருவர் வந்தார். விடிகாலையில் தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைப்பது அவர்கள் வழக்கம். நடுவில் ஒரு கம்பம் நின்றாலும் பாவு விரிக்க முடியாது. பாவு இல்லாவிட்டால் தறி ஓடாது.

அறிவிப்பைப் பார்க்கவில்லையா என்று கேட்டு, பலகைக்குக் கூட்டிப்போனேன். நான்கு மூலைகளில் இரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. காகிதத்தைக் காணோம்.

அவர் ஒரு மூலையைச் சுரண்டி மோந்து பார்த்தார். “எங்க கஞ்சிங்களா இது?”

ஆமாம் என்றேன்.

“ஏனுங்க, பாவு காயறப்ப ஆட்ட முடுக்கறதுக்குன்னே எங்க தெருவுல ஒரு ஆளு நிக்குமுங்க. நீங்க யார நிறுத்துனீங்க?”

எங்கள் அலுவலகக் காவலாளியை விசாரித்தேன். ஒட்டிய அன்று சாயங்காலமே ஆடு வந்ததாகச் சொன்னார். ஆடு அவருடையதுதான்.

விதிப்படி கோப்பில் நான் எழுத வேண்டியது ஒரே வரி: ‘அறிவிப்பு ஒட்டப்பட்டது.’ அதன் கீழே, ‘அன்று மாலை ஆடு தின்றது’ என்றும் எழுதினேன். இதை எப்படி மேலே அனுப்புவது என்று ஆணையர் கேட்டார். அந்த வரி இல்லாவிட்டால் கெடுவை நீட்டக் காரணம் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

புது அறிவிப்பை அந்தத் தெருச் சுவரிலேயே ஒட்டினோம். பசையும் அவர்களுடையது, காவலும் அவர்களுடையது. காலையில் பாவு கட்டும்போது ஒருவர் உரக்கப் படித்தாராம். அறுபத்திரண்டு ஆட்சேபங்கள் வந்தன. கம்பங்கள் தெரு ஓரத்துக்குப் போயின.

மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி மட்டும் வந்தது: ஆடு யாருடையது? காவலாளியிடம் காட்டினேன்.

“அத ஊரு நோம்பிக்கு முன்னாலயே வித்துப்போட்டனுங்க சாமி.”

‘மேற்படி ஆடு தற்போது இல்லை’ என்று பதில் எழுதினேன். அத்தோடு கோப்பை முடித்துவிட்டார்கள். பலகைக்குக் கண்ணாடி கேட்டு நான்காவது குறிப்பையும் அதிலேயே இணைத்திருந்தேன். அதற்குப் பதில் இல்லை.