மூன்றாவது கிளிப்

"அண்ணே, கையத் தூக்குங்க. இன்னும் மேல. பஸ்ஸுல கம்பியப் பிடிப்பீகள்ல, அது மாதிரி."

ஆள் கையைத் தூக்கியதும் ஞானசெல்வி லைஃப் ஜாக்கெட்டின் மூன்று கிளிப்புகளையும் டக், டக், டக் என்று மாட்டிவிட்டு, பெல்ட்டுக்குள் தன் கட்டைவிரலை நுழைத்துப் பார்ப்பாள். விரல் சுலபமாகப் போனால் இன்னொரு இழுப்பு. அணையின் படகுத்துறையில் ஆறு வருடமாக இதுதான் அவள் வேலை. கழுத்தில் ஜெபமாலையும் விசிலும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவளுக்குத் தலைவேதனை. மல்லிகைப்பூ நசுங்கும் என்பாள் ஒருத்தி. போட்டோவில் புதுச்சேலை தெரியாது என்பாள் கூட வந்த நாத்தனார். பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு வரும் ஆண்கள் இரண்டு கிளிப்போடு நிறுத்திக்கொண்டு, வயிற்றுக்கு மேலிருக்கும் மூன்றாவதைத் தொங்கவிடுவார்கள். படகு நடு அணைக்குப் போனதும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு செல்ஃபி எடுப்பவர்கள் தனி ரகம். கரையிலிருந்து விசில் ஊதியே அவளுக்குத் தொண்டை வற்றிவிடும்.

இன்று கடமலைக்குண்டிலிருந்து வந்த கர்ணன் வாத்தியார் மீசையை நீவிக்கொண்டு, "நான் வெள்ளத்துலயே மூலவைகைய நீந்திக் கடந்தவன்மா" என்றார்.

"நீச்சல் தெரியாதவுக பயந்துக்கிட்டு கரையிலயே நிப்பாக சார். தெரிஞ்சவுகளத்தேன் வலை போட்டுத் தேட வேண்டியிருக்கு. கையத் தூக்குங்க!"

வாத்தியார் தூக்கினார்.

ஊருக்கெல்லாம் மாட்டிவிடுகிறவளுக்கு ஒரே ஓர் ஆள் மட்டும் அடங்குவதில்லை. அவள் புருஷன் சூசைமுத்து. இதே அணையில் பரிசலில் போய் மீன் பிடிக்கிறவன். காலையில் அவன் கையில் ஒரு ஜாக்கெட்டைத் திணித்துத்தான் அனுப்புவாள். அவன் அதைப் பரிசலில் போட்டு மேலே உட்கார்ந்துகொள்வான். "மெத்துன்னு இருக்குடீ" என்று பாராட்டு வேறு. கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று மணிக்கு ஆடிக்காற்று மேற்கிலிருந்து இறங்கியது. தண்ணீர் கறுத்தது, அலை படிக்கட்டில் அறைந்தது. படகுகளைக் கட்டிவிட்டார்கள். "டிக்கெட் எடுத்தாச்சே" என்று சண்டை பிடித்த கூட்டமும் கலைந்துபோனது. பரிசலை மட்டும் காணவில்லை.

"சேசுவே, இந்த மனுசன் மொதல்ல கரைக்கு வரட்டும். பெறகு இருக்கு இவுகளுக்கு" என்று ஞானசெல்வி முணுமுணுத்தாள். கை விசிலை விட்டுவிட்டு ஜெபமாலையைப் பிடித்திருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்துப் பரிசல் ஆடி ஆடி வந்தது. சூசைமுத்து தொப்பலாக நனைந்திருந்தான். முதல் தடவையாக ஜாக்கெட் அவன் உடம்பில் இருந்தது. இரண்டு கிளிப் மாட்டியிருந்தான். மூன்றாவது தொங்கியது.

"அதேன் போட்டுட்டேன்ல. பெறகு என்னத்துக்கு மொறைக்கிற?"

அவள் சேலையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி, கரைக்கு இரண்டடி முன்னாலேயே பரிசலைப் பிடித்து நிறுத்தினாள். மூன்றாவது கிளிப்பை மாட்டி, பெல்ட்டுக்குள் கட்டைவிரலை நுழைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இறுக்கிய பிறகே பரிசலைக் கரைக்கு விட்டாள்.